"பயப்படாதே" என்று சொன்னால் போதுமா? கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், வகுப்பறையிலோ மைதானத்திலோ மேடையிலோ நீச்சல் குளத்திலோ யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்ததைச் செய்ய முடியாமல் திணறும் மாணவரைப் பார்த்து நீங்கள் சொல்வது பெரும்பாலும் மூன்றே வாக்கியங்கள்தான்: "பயப்படாதே", "தன்னம்பிக்கையோடு செய்", "உன்னால் முடியும்". அன்பாகத்தான் சொல்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொன்ன கையோடு உங்கள் பங்கு முடிந்துவிட்டது, இனி அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டுவது அவர் பாடு என்று நகர்ந்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். தெரிந்ததையும் செய்யவிடாமல் தடுக்கும் இந்த மனத்தடையை நாம் மாணவரின் குணக்கோளாறாகவே பார்த்துப் பழகிவிட்டோம். என் கணிப்பில் அதில் பெரும்பகுதி பாடம் நடக்கிற விதத்தில் உருவாகிறது. தவறு வந்தால் என்ன நடக்கும், டெஸ்ட் எதற்காக வைக்கப்படுகிறது, பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது வாயிலிருந்து என்ன வருகிறது, இவையெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. தடை கரைவதும் அங்கேதான்.

ஒரு காட்சி, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். கரும்பலகை முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். இருபடிச் சமன்பாடு. இதே வகைக் கணக்கை நேற்று ராத்திரி வீட்டில் போட்டவள். முதல் வரியை எழுதுகிறாள், சாக்பீஸ் நின்றுவிடுகிறது. அப்போது அவள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். கணக்கை விட்டுவிட்டு உங்கள் முகத்துக்கு வருகிறது, எழுதியது சரியா தப்பா என்பதை உங்கள் புருவத்தில் தேடுகிறாள். கடைசி பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள், அது தன்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு நொடி. எழுதியதை அழிக்கிறாள், சரியாக எழுதியிருந்த குறியைத்தான் அழிக்கிறாள். நீங்கள் "நேத்துதானே சொல்லிக்கொடுத்தேன்?" என்கிறீர்கள். அவ்வளவுதான், முடிந்தது. இடத்தில் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் விடை தானாக வந்து நிற்கும், அது இன்னும் கொடுமை.

அந்தப் பலகை முன்னால் அவள் தலைக்குள் நடந்தது மர்மம் ஒன்றும் இல்லை. கணக்குப் போடும்போது இடையில் வருகிற விடைகளை வைத்துக்கொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் இடம் ஒரு சின்ன மேசை அளவுதான், செயல்நினைவு என்பார்கள். "தப்பாகிவிட்டால்?", "எல்லோரும் பார்க்கிறார்களே", "மிஸ் முகம் மாறுகிறதே" என்கிற ஒவ்வொரு நினைப்பும் அதே மேசையில்தான் வந்து உட்காரும். கணக்குக்கு இடம் போதாமல் போகும். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே, அடுத்த இடத்துக்கு மீதி கொண்டுபோகும் கூட்டல்களைப் போடச் சொன்னார்கள். எல்லோருக்கும் சிரமம்தான், ஆனால் கணிதப் பதற்றம் அதிகம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நிறையத் தடுமாறினார்கள். கணக்கு தெரியாதவர்கள் என்பதால் அல்ல. பாதி இடம் ஏற்கனவே போய்விட்டது. எனவே பலகையில் நிற்பவரைப் பார்த்து "இவள் படிக்கவே இல்லை" என்று முடிவுகட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

சரி, அப்போது "பயப்படாதே" என்று சொன்னால் மேசை காலியாகாதா? ஆகாது. டேனியல் வெக்னரும் கூட்டாளிகளும் 1987-இல் செய்த சோதனை இப்போது ரொம்பப் பிரபலம்: வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள், ஆட்கள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். இனி நினைக்கலாம் என்று பிறகு அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. பயத்தை நினைக்காதே என்று ஒருவரிடம் சொல்வதும், வா, வந்து பயத்தைக் காவல் காத்துக்கொண்டு நில் என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"உன்னால் முடியும்" கதையும் இதுதான். உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இலேயே எழுதிவைத்தார்: ஒரு காரியம் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது, தானே செய்து பார்த்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் வாயால் கேட்பது, தன் உடலின் நிலையைப் படித்துக்கொள்வது. இதில் முதல் வழிதான் பலமானது. வாயால் சொல்வது பலவீனமானது, அதுவும் சொன்ன மறுநாளே ஒரு தோல்வி வந்தால் காற்றில் போய்விடும். நாம் என்ன செய்கிறோம்? நாலில் சுலபமானதை, அதாவது பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் மாணவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

உடல் படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ராபர்ட் லீபர்ட், லாரி மாரிஸ் என்ற இருவர் 1967-இல் தேர்வுப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள், உடலின் படபடப்பு ஒன்று, மனதில் ஓடும் கவலைப் பேச்சு இன்னொன்று. மதிப்பெண்ணைக் கீழே இழுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். நெஞ்சு அடித்துக்கொள்வது தன்னளவில் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதனால் "மூச்சை இழுத்து விடு" என்பது நல்ல யோசனையாக இருந்தாலும் பாதி யோசனைதான். 2014-இல் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் செய்த சோதனைகளில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அமைதியாக இருக்க முயன்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அடித்துக்கொள்கிற நெஞ்சை அடக்கச் சொல்வதைவிட, அது அப்படித்தான் அடிக்கும், உடம்பு தயாராகிறது என்று சொல்லிவிடுவது நேர்மையும்கூட.

ஆனால் தந்திரங்களை நம்பி ஏமாறாதீர்கள். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளைத் தாளில் எழுதித் தள்ளினால் மதிப்பெண் ஏறும் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது, பெரிய இதழில் வந்ததால் எல்லா இடத்திலும் பரவியது. 2018-இல் வேறு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. வருடம் முழுக்க சேர்ந்த பயத்தைப் பத்து நிமிடத்தில் இறக்கிவைக்கலாம் என்று நாம் ஆசைப்பட்டதில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, "எனக்கு வராது சார்" என்கிற அந்த வாக்கியம். இதைக் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரியும். என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பின்னர் ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் அப்படியே கிடந்தன. இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அதே இருவரும் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அந்த விளக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். கஷ்டம் நீண்டால் கைவிட்டுக் கிடப்பது உடலின் இயல்பான பதில், அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது மற்றதுதான், நான் செய்கிற ஏதோ ஒன்று நிலைமையை மாற்றுகிறது என்பது. இதை வைத்துப் பார்த்தால் "எனக்கு வராது" என்பவரிடமிருந்து எதையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, அவருக்கு இன்னும் கிடைக்காத ஒன்றைக் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

எப்படி என்று நீச்சல் குளத்தில் ஒரு கோச்சிடம் பார்த்தேன். நடுவயதுக்காரர் ஒருவர், குளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இறுக்கி. "கையை விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு கோச் கத்திக்கொண்டே இருந்தார், கத்தக் கத்தப் பிடி இறுகியது. அப்புறம் வேறு கோச் வந்தார். மிதப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, முட்டியை மடக்கி, கையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, எழுந்து நிற்பது எப்படி என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள், எப்போது எடுப்பது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார், எண்ணிக்கை சொல்லவில்லை, பிடித்து அழுத்தவில்லை. அந்த மனிதர் முகத்தை வைத்தார், எடுத்தார், வைத்தார். அப்புறம் தானாகவே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். தைரியத்தைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. நிறுத்தும் வழி தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தபின் விளிம்பு அவருக்குத் தேவைப்படவில்லை.

இதைக் கணக்கு வகுப்புக்கும் மேடைப் பேச்சுக்கும் மொழி வகுப்புக்கும் எடுத்துப் போக முடியாதா என்ன? பலகைக்கு வரும் மாணவருக்கு "இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன், அடுத்த வரியை யாராவது சொல்லுங்கள்" என்று கேட்க உரிமை உண்டு, அதற்கு மதிப்புக் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடலாம். மேடையில் வரி மறந்துபோனால் என்ன செய்வது என்பதை, மறக்காமல் பேசுவதற்கு முன்பே பழக்கலாம். நடுவில் நிறுத்தி, குறிப்பைப் பார்த்து, விட்ட இடத்தைப் பிடிப்பதும் ஒரு திறமைதானே, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, "மறக்காதே" என்றுதான் சொல்கிறோம்.

பேப்பர் திருத்துவதற்கு வருவோம், என் கோபம் கொஞ்சம் இங்கேதான். ரூத் பட்லர் 1988-இல் செய்த ஆய்வில் மாணவர்களில் ஒரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பகுதிக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த வேலைகளில் முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு, நீங்கள் கண்விழித்து எழுதிய அந்தக் குறிப்பு உதவவில்லை, எண் வந்ததும் குறிப்பு கண்ணில் படுவதில்லை. அதைவிடத் திடுக்கிடவைப்பது அவ்ராம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி இருவரும் 1996-இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துக் கண்டது: பின்னூட்டம் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செயல்திறன் குறைந்திருந்தது. நாம் நல்லது என்று நினைத்துச் சொல்வதில் மூன்றில் ஒன்று கெடுக்கிறது! கவனம் வேலையிலிருந்து விலகி ஆளை நோக்கி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். "இந்தப் பத்தியில் காரணம் விட்டுப்போயிருக்கிறது" என்பது வேலையைப் பற்றியது. "உன்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை" என்பது ஆளைப் பற்றியது, படிப்பவர் அதன்பின் பத்தியைத் திருத்த மாட்டார், உங்கள் எதிர்பார்ப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்.

பாராட்டும் இதற்கு விலக்கு இல்லை. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து வந்த கடினமான புதிரில் சறுக்கியபின், முன்பு செய்த அளவு சுலபமான புதிர்களைக்கூட முன்னைவிட மோசமாகச் செய்தார்கள் என்று க்ளாடியா ம்யூலர், கேரல் ட்வெக் இருவரும் 1998-இல் எழுதினார்கள். மற்றவர்களுக்குத் தங்கள் மதிப்பெண்ணைச் சொல்லும்போது கணிசமான பேர் கூட்டியும் சொன்னார்கள். இதிலிருந்து கிளம்பியதுதான் 'திறமை வளரும்' என்ற சுவரொட்டிக் கலாச்சாரம். சுவரொட்டியை ஒட்டிவிட்டு அதன் கீழேயே மதிப்பெண் வரிசைப் பட்டியலையும் ஒட்டுகிற பள்ளிகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், திறமை வளரும் என்று சொல்லும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம் ஒன்று பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரியை 0.1 புள்ளி உயர்த்தியது. சின்னப் பலன், ஆனால் பலன். 2022-இல் அதே தரவைத் தோண்டியபோது தெரிந்தது: திறமை வளரக்கூடியது என்று ஆசிரியரே நம்பிய வகுப்புகளில்தான் கணித மதிப்பெண் ஏறியது, நம்பாதவரின் வகுப்புகளில் இல்லை. மாணவர் மனதில் விதைத்ததை ஆசிரியரின் நம்பிக்கை வளர்த்தது, அவநம்பிக்கை வாடவிட்டது. இந்த மடலை மாணவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு தடை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கற்பது சரியாக நடக்கும்போது அது கஷ்டமாகத்தான் இருக்கும், மாணவர் அந்தக் கஷ்டத்தைத் தன் மந்தத்தனம் என்று படித்துக்கொள்கிறார். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் 2006-இல் செய்த சோதனையில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 56-இல் நின்றார்கள். ஆனால் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் திரும்ப வாசிப்பதுதான் நன்றாக ஏறுகிறது என்பார், ஏனென்றால் அது வழுக்கிக்கொண்டு போகிறது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் 2019-இல் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள்: தாங்களே முயன்று கணக்குப் போட்ட வகுப்பில் அதிகம் கற்ற மாணவர்கள், அழகான விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். எனவே தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "இது தடுமாற்றமாக இருக்கும், தடுமாறுவது வேலை நடப்பதற்கான அடையாளம்" என்று. மூடிய புத்தகத்தோடு எழுத வைக்கும் சின்ன டெஸ்ட்டுகளைக் கொடுங்கள், மார்க் போடாதீர்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள். தவறுக்கு விலை இல்லாத இடத்தில் நிறைய முறை தவறியவருக்குப் பெரிய தேர்வு புதிய இடமாக இருக்காது.

"அழுத்தம் கொடுத்தால்தான் வேலை நடக்கும்" என்பவர்கள் அடிக்கடி எர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பெயரை இழுப்பார்கள். 1908-இல் அவர்கள் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தது எலிகளுக்கு. எது எது என்று பிரித்தறியும் சுலபமான வேலையை எலிகள் பலமான அதிர்ச்சியில் வேகமாகக் கற்றன, கடினமானதை அப்படிக் கற்கவில்லை, அதற்கு மிதமானதே போதுமாக இருந்தது. அழுத்தத்துக்கு ஆதரவாக இதைக் காட்டுபவர்கள் அந்த இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குத் தனியாக ஒன்று. தேர்ந்தவருக்கு வரும் தடை வேறு மாதிரி. சியான் பைலாக் குழுவினர் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்ததில், தன் கை அசைவைக் கவனித்தபடி அடிப்பது புதியவர்களுக்கு உதவியது, அனுபவசாலிகளைக் கெடுத்தது. ஆட்டத்துக்கு முந்தின நிமிடம் ஓடிவந்து "முழங்கையைப் பார்த்துக்கோ" என்கிறீர்களே, உங்கள் பதற்றம் இறங்குகிறது, அவருடையது ஏறுகிறது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸை நினைத்துப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியில் வால்ட் தாண்டும்போது, காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோய், திட்டமிட்ட இரண்டரைச் சுற்றுத் திருகலில் ஒன்றரை மட்டும் முடித்து இறங்கி விலகிக்கொண்டார். அந்த விளையாட்டில் அப்படியே தொடர்ந்தால் கழுத்து உடையலாம். உலகம் முழுக்க "மனவலிமை இல்லை" என்று திட்டியவர்கள் இருந்தார்கள். அவர் சில நாளில், குறுகிய கட்டையின் மேல் செய்யும் பீம் போட்டிக்குத் திரும்பினார், இறங்கும்போது செய்ய வேண்டிய திருகலை எடுத்துவிட்டு, திருகல் இல்லாத இறக்கத்தை வைத்துக்கொண்டு. வெண்கலம். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. எந்த அசைவு உடைந்திருக்கிறதோ அதை மட்டும் ஒதுக்கிவைத்து, முடிந்ததைச் செய்து, உடைந்ததற்கு நேரம் கொடுத்தார்கள். இதைச் செய்ய அவருடன் இருந்தவர்கள் அனுமதித்தார்கள் என்பதுதான் உங்களுக்கான சேதி.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வகுப்பு வாசலிலேயே உடல் நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும், இந்த மடலில் சொன்னவை போதாது, நீங்களே வைத்தியம் பார்க்கவும் கிளம்பாதீர்கள்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் மனதையும் பார்க்க வேண்டுமா" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் கேட்பதில் பாதிக்குமேல் கூடுதல் நேரம் கேட்காதவை. பேப்பரைக் கொடுக்கும் நாளில் குறிப்பை முதலில் கொடுத்து, திருத்தி எழுத வைத்துவிட்டு, எண்ணைப் பிறகு சொல்வதற்குப் புது வகுப்பு வேண்டாம். பலகைக்கு ஒருவரைத் தனியாகக் கூப்பிடாமல் இருவராகக் கூப்பிடலாம். பாடத்தை மறுபடி ஒருமுறை நீங்களே சொல்கிற அந்தப் பத்து நிமிடத்தை, புத்தகத்தை மூடி எழுத அவர்களுக்கே விட்டுவிடலாம். அடுத்த வாரம் எந்தப் பேப்பர் கட்டு உங்கள் மேசைக்கு வருகிறதோ, அதிலேயே ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவர்